கருவாயன் ஓடிப்போகவில்லை

1

நான் வேலை பார்க்கும் விலங்குக் காப்பகத்துக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். ஜெர்மனியின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் கடல்காற்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும் சின்ன ஊர் இது. அழைப்பவர் பெயர் ஹெர் பெக்கர். எண்பது வயதைத் தாண்டியவர். முதியோர் இல்லத்தில் நாய் வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதால் தன் ஓட்டோவை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர். ஓட்டோ சாப்பிட்டானா, நடந்தானா, இருமல் எப்படி இருக்கிறது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

அந்த வாரம் திங்கட்கிழமையே ஓட்டோவின் இதயம் கைவிட்டுவிட்டது. மூச்சுக்குத் தவித்தவனுக்கு மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைத்தார். பெக்கருக்குச் சொல்ல வேண்டியவர் எங்கள் மேலாளர். அவர் விடுப்பில் இருந்தார். புதன்கிழமை பத்து மணிக்கு போன் அடித்தபோது அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜெர்மனில் 'ஐன்கெஷ்லாஃபன்' என்றால் தூங்கிவிட்டான் என்று பொருள். 'ஐன்கெஷ்லேஃபர்ட்' என்றால் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்துவிட்டோம் என்று பொருள். ஏழு வருஷமாக இந்த மொழியில் குப்பை கொட்டுகிறேன். வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் வாய் முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டது.

"தூங்கிவிட்டானா? நல்லது, எழுப்ப வேண்டாம். நாளைக்குக் கூப்பிடுகிறேன்" என்றார் பெக்கர். அவர் சிரிப்பது கேட்டது. வைத்துவிட்டார்.

யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போன ஒரு நாயை உயிரோடிருப்பதாக நான் நம்பவைத்தது இது இரண்டாவது முறை. முதல் முறை நான் அதைச் சொன்னது தமிழில். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், தெரிந்தே சொன்னேன்.

இருபது நிமிஷம் கழித்து நானே அவரைக் கூப்பிட்டேன். சரியான வார்த்தையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு சொன்னேன். எந்த நாள் என்று கேட்டார், திங்கட்கிழமை என்றேன். பிறகு, "நன்றி. இப்போது எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள் யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பதினோரு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அவள் பெயர் வாயில் வராததால் யாசி என்று சுருக்கிக்கொண்டாள். இப்போது வீட்டிலும் யாசி என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். சிரித்து முடித்துவிட்டு அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்: "தமிழ்ல நீ தப்பா சொல்லவே மாட்டியாம்மா?"

நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

2

என் பெயர் தேன்மொழி. திருவண்ணாமலையில் பிறந்தேன். கால்நடை மருத்துவம் படித்தேன். இங்கே நான் மருத்துவர் இல்லை. கூண்டு கழுவுகிறேன், தட்டு வைக்கிறேன், நடக்கக் கூட்டிப்போகிறேன், போன் எடுக்கிறேன். என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று ஒரு அலுவலகம் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஐந்து வருஷப் பாடத்திட்டம் முழுவதையும் மொழிபெயர்த்துக் கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு, சான்றிதழில் இருக்கும் தேன்மொழியும் பாஸ்போர்ட்டில் இருக்கும் தேன்மொழியும் ஒருவர்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராகப் பின்னால் நிற்கிறது. "இந்த ஒற்றை எழுத்து என்ன?" என்று கேட்டார் அந்த அலுவலகத்தில் இருந்த அம்மாள். "என் அப்பா" என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தோம். அதற்கு முன் நான்கு வருஷம் எங்கள் ஊரில் ஒரு பிராணிகள் காப்பகத்தில் மருத்துவராக இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தவறு என்னுடையது.

வேங்கிக்கால் தாண்டி, தகரக் கொட்டகையும் இரண்டு அறையும்தான் காப்பகம். அடிபட்டது, புழு வைத்தது, கரண்டுக் கம்பியில் கருகிய குரங்கு, பிளாஸ்டிக் தின்று வயிறு உப்பிய மாடு, மலையிலிருந்து இறங்கி நாய்களிடம் மாட்டிய மான் என்று எது கிடைத்தாலும் எங்களுக்குத்தான் போன் வரும். காலையில் கேட்டைத் திறந்தால் அட்டைப்பெட்டியில் குட்டிகள் இருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்காக வந்து பஸ் சக்கரத்தில் மாட்டிய நாய்கள் வரிசையாக வரும். ஆசிரமப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் சிலர் வந்து கட்டுப்போட உதவுவார்கள். சிலர் அழுதுவிட்டு மட்டும் போவார்கள்.

எங்கள் வேனை ஓட்டியவர் பாஷா பாய். ஐம்பது வயது. ஊருக்குள் அவர்கள் குடும்பம் தலைமுறையாகத் தையல்கடை வைத்திருந்தது. இவர் மட்டும் ஊசி நூல் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். எந்த நாயையும் வலையில்லாமல் பேசியே வண்டியில் ஏற்றிவிடுவார். "வாடா ராஜா, டாக்டர்மா பாத்துட்டு வுட்டுடுவாங்க" என்பார். அதுவும் வரும்.

3

நான் ஊரைவிட்டுக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் பௌர்ணமி. காலையில் அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது. ஒரு நாய் எச்சில் ஒழுகிக்கொண்டு தள்ளாடுகிறது, வாய் மூட முடியவில்லை, கிட்டே போனால் உறுமுகிறது.

கிரிவலப் பாதையோரம் சூடம், எலுமிச்சம்பழம், அகல் விற்கும் முனியம்மாவின் நாய் அது. முனியம்மாவுக்கு அப்போது ஐம்பது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகன் பெங்களூரில். கொஞ்சம் நிலம் இருந்தது, மச்சினன் வேர்க்கடலை போடுவார். நாய் பழுப்பு நிறம், மூக்கும் வாயும் மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. அதனால் கருவாயன். கடைக்கு அடியில்தான் படுக்கை. முனியம்மா எழுந்தால் எழும், உட்கார்ந்தால் உட்காரும்.

"ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்புடல டாக்டரம்மா. தண்ணி வெச்சாலும் குடிக்க முடியல. காலால மூஞ்சியப் பிராண்டிக்கினே கீறான்" என்றாள் முனியம்மா.

கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் கயிறாக வழிந்தது. பார்த்தவுடன் என் மனதில் ஒரே வார்த்தைதான் வந்தது. வெறி. பாஷா பாய் வழக்கம்போலப் பேசிக்கொண்டே போனார். தூக்கும்போது கருவாயன் துள்ளினான். பல் பாயின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ரத்தம்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. முனியம்மா வண்டி வரைக்கும் ஓடிவந்தாள். "கடைய வுட்டு வர முடியாதும்மா, நாளைக்குப் பௌர்ணமி. கூட்டம் முடிஞ்சதும் பால்சோறு எடுத்துக்கினு வரேன். அவன்ட்ட சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

பாயை ஊசி போட்டுக்கொள்ள அனுப்பினேன். கடித்த நாயைத் தனியாக அடைத்துவைத்துப் பத்து நாள் பார்ப்பதுதான் முறை. எங்களிடம் தனியறை ஒன்றுதான் இருந்தது. அதன் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. பக்கத்துக் கொட்டகையில் முப்பது நாய்கள். மறுநாள் ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம். பத்தாம் நாள் நான் இந்த ஊரில் இருக்கப் போவதில்லை. இதையெல்லாம் நான் பிறகு எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நிஜத்தில் இருந்தது பயம் மட்டும்தான். பாயின் கட்டைவிரலிலிருந்து சொட்டிய ரத்தம் மட்டும்தான்.

முதலில் மயக்க ஊசி போட்டேன். அது வேலை செய்ய ஏழெட்டு நிமிஷம் ஆகும். கருவாயன் தலைமேல் கையுறை போட்ட கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு தளர்ந்த பிறகு இரண்டாவது ஊசியைப் போட்டேன்.

நோயா இல்லையா என்று தெரிந்தால்தான் பாயின் சிகிச்சைக்கு நல்லது. பரிசோதனைக்கு அனுப்ப மாதிரி எடுக்கும்போது முதல் தடவையாக அவன் வாயைத் திறந்தேன். மேலண்ணத்தில், இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, குறுக்காக ஒரு எலும்புத் துண்டு. சிக்கி, சுற்றிலும் புண்ணாகியிருந்தது.

இடுக்கியை வைத்து இழுத்தேன். உடனே வந்துவிட்டது.

வெறி மாதிரித் தெரிந்தால், வாயில் எலும்பு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். காலால் மூஞ்சியைப் பிராண்டுகிறான் என்று முனியம்மா சொல்லியே கொடுத்தாள். மயக்கத்தில் கிடந்த அந்த நேரத்தில் நான் ஒரு முறை வாயைத் திறந்து பார்த்திருக்கலாம்.

4

பௌர்ணமி கழிந்த மறுநாள் மத்தியானம் முனியம்மா வந்தாள். தூக்குப்போணியில் பால்சோறு. பாஷா பாய் விரலில் கட்டோடு என் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன்.

"எப்டி இருக்கான் எங்காளு?" என்று கேட்டுக்கொண்டே அவள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். களைப்பில் முகம் வாடியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"ஓடிட்டான்மா" என்றேன். "நேத்து கூண்டத் தொறந்தப்போ ஓடிட்டான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன். "ஓட்றானா? ஓட்ற அளவுக்குத் தேறிட்டானா? ஊசி போட்டீங்களா? நல்லா இருப்பீங்கம்மா. அவன் மோப்பம் புடிச்சே வந்து சேந்துடுவான்." போணியை அப்படியே என் கையில் கொடுத்தாள். "மத்ததுங்களுக்குப் போடுங்க." வந்த வழியிலேயே, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "கருவாயா, கருவாயா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

"இன்னாத்துக்கும்மா?" என்றார் பாஷா பாய்.

"பத்து நாள் தேடிட்டு மறந்துடுவாங்க பாய். நீங்க சொல்லிடாதீங்க."

"மறக்காதும்மா அது."

"எனக்காகப் பாய்."

அவர் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து நான் விமானம் ஏறினேன். யாழினிக்கு நான்கு வயது. என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். சில வாரம் கழித்து பாய் போன் செய்தார். "ரிசல்ட்டு வந்துடுச்சும்மா. நெகட்டிவ். எனக்கு ஒண்ணும் இல்ல." சந்தோஷமாகத்தான் சொன்னார். வைக்கும் முன், "அவனுக்கும் ஒண்ணும் இருந்திருக்கல" என்றார்.

5

புது நாட்டில் முதல் வருஷங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்கும் குப்பையை நாலு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடுவதற்கும் பழகுகிறோம். காப்பகத்தில் வேலை கிடைத்ததும் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. புதிதாக எந்த நாய் வந்தாலும், வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால், அதன் வாயைத் திறந்து பார்ப்பேன். அது என் வேலை கிடையாது. இங்கே மருத்துவர் தனியாக வருவார். "நீ என்ன தேடுகிறாய்?" என்று ஒருமுறை மேலாளர் கேட்டார். பல்லை வைத்து வயது பார்க்கிறேன் என்றேன்.

பழுப்பு நிற நாய் ஒன்று வாயெல்லாம் கறுப்பாக ருமேனியத் தெருக்களிலிருந்து மீட்கப்பட்டு ஒருமுறை வந்திருந்தது. மூன்று மாதம் எங்களிடம் இருந்தது. அந்த மூன்று மாதமும் அந்த வரிசைக் கூண்டுகளைக் கழுவும் முறையை இன்னொருவருடன் மாற்றிக்கொண்டேன்.

பாஷா பாயிடம் பேசும்போதெல்லாம் முனியம்மாவைப் பற்றிக் கேட்பதைத் தவிர்த்துவந்தேன். அவரும் சொல்லவில்லை. பெக்கரிடம் பேசிய அந்த வாரம்தான் துணிந்து கேட்டேன்.

"இன்னும் தேடுதும்மா" என்றார் பாய்.

"என்ன பாய் சொல்றீங்க? ஏழு வருஷம் ஆகுது."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடைய மூடிடுது. ஊருல அத்தினி பேருக்கும் அன்னிக்குத்தான் யாவாரம் ஜாஸ்தி, இது மூடிட்டு மலைய சுத்தி நடக்குது. அன்னதானம் போட்ற எடத்துல எல்லா நாயும் வரும் இல்ல, அங்கல்லாம் நின்னு பாக்குது. வெள்ளிக்கிழமைக்கு நம்ம ஷெட்டுக்கு வருது. கூண்டு கூண்டா பாத்துட்டுப் போவுது. இப்ப இருக்கற பசங்களுக்குச் சமாச்சாரம் தெரியாது, கிண்டல் பண்றானுங்க."

"நீங்க சொல்லியிருக்கலாமே பாய்."

அவருக்குக் கோபம் வந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "நீங்கதானம்மா சொல்லாதன்னீங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என்கிட்டதான் வந்து நிக்குது. எந்தப் பக்கம் ஓடினான் பாய்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்லட்டும்? என் விரலக் கடிச்சதாலதான அவன் போனான்? எனக்கும் பங்கு உண்டுன்னுதான் வாய மூடிக்கினு இருக்கேன்."

நான் அந்தக் கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டேன். கணவருக்கு விடுப்பு இல்லை. யாழினியை மட்டும் கூட்டிக்கொண்டேன். அவளும் அப்பாவும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள், அதனால் அவளுக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் திருவண்ணாமலை என்று அடித்தேன். போகும் ஊர் என்ற இடத்திலும் திருவண்ணாமலை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பொருத்தமான வேறு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

6

அடி அண்ணாமலை, காலை பத்து மணி இருக்கும். பாஷா பாய் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்துகொண்டார். நானும் யாழினியும் நடந்தோம். பௌர்ணமி இல்லாத நாள், பாதை காலியாக இருந்தது. முனியம்மா எலுமிச்சம்பழங்களை ஈரத்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

பார்த்ததும் எழுந்துவிட்டாள். "டாக்டரம்மா! எப்ப வந்தீங்க? பொண்ணா இது? இன்னா வளத்தி!" ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். எங்களைப் பேசவே விடவில்லை. "ஒங்களக் கேக்கணும்னேதான் இருந்தேன். பாயக் கேட்டா தெரிலன்றாரு. அன்னிக்கு அவன் எந்தப் பக்கமா ஓடினான்? மலப் பக்கமா, ரோட்டுப் பக்கமா? அது தெரிஞ்சா போதும், அந்தப் பக்கமாத் தேடுவேன்."

விமானத்தில் பத்து மணிநேரமும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துவைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"ஓடலம்மா" என்றேன்.

அவள் சிரித்தபடியே பார்த்தாள்.

"அவன் ஓடல. நீங்க அனுப்பின அன்னிக்கே செத்துட்டான். நான்தான் ஊசி போட்டேன். வெறின்னு நெனச்சேன். வெறி இல்ல. வாயில எலும்பு மாட்டியிருந்துச்சு. எடுத்துட்டா பொழச்சிருப்பான். ஒரு நிமிஷ வேல. நான் வாயத் தொறந்து பாக்கல. உங்ககிட்ட சொல்ல தைரியம் இல்லாம ஓடிட்டான்னு சொல்லிட்டேன்."

முனியம்மா கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"எலும்பா?"

"ஆமாம்மா."

"என் மவன் வந்திருந்தான். கறி எடுத்தேன். நான்தான் போட்டேன்."

"எலும்பு போட்டது தப்பில்லம்மா. எல்லாரும் போட்றதுதான். நான் பாக்காம வுட்டதுதான் தப்பு."

அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வந்து சூடம் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். சில்லறையை எண்ணி டப்பாவில் போட்டாள். பிறகு பேசினாள். கத்தவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். ஒரு நாளு அழுதிருப்பேன், ஒரு வாரம் அழுதிருப்பேன். ஏழு வருசம் என்ன நடக்க வுட்டியேம்மா நீ. சனமெல்லாம் சாமி பேரச் சொல்லிக்கினு சுத்துது, நான் நாய் பேரச் சொல்லிக்கினு சுத்தினேன். மழையில நடந்தேன். ஜொரத்துல நடந்தேன். நீ போயி சீமையில ஒக்காந்துக்கின."

நான் நின்றுகொண்டே இருந்தேன். காலில் விழலாமா என்று தோன்றியது. விழுந்தால் அவள் என்னைத் தூக்கவேண்டியிருக்கும், மன்னித்தேன் என்று எதையாவது சொல்லவேண்டியிருக்கும். அந்தத் தொல்லையையும் அவளுக்குக் கொடுக்க மனமில்லாமல் நின்றேன்.

"சாவசொல்ல பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"நான் இருந்தேன்."

"என்னத் தேடினானா?"

இதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. இல்லம்மா, தூங்கற மாதிரிதான் போனான், ஒண்ணும் தெரியல அவனுக்கு. மருத்துவர்கள் எல்லாரும் சொல்லும் பதில், கேட்பவர்கள் எல்லாரும் கேட்க விரும்பும் பதில். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தேடினான்மா" என்றேன். "மயக்கம் வர்ற வரைக்கும் கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் தலையத் தடவினேன். என் பக்கம் திரும்பல."

முனியம்மாவின் முகம் முதன்முறையாக உடைந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "அப்ப அவனும் தேடிக்கினேதான் போயிருக்கான்" என்றாள்.

பிறகு கையை மட்டும் அசைத்தாள். "நீ போ."

வண்டிக்குத் திரும்பி நடக்கும்போது யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முனியம்மா பேசிய வேகத்தில் அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. ஜெர்மனில் கேட்டாள்: "முதலில் அந்தம்மா உன்னை 'நீங்க' என்றுதானே சொன்னார்கள்? கடைசியில் 'நீ' என்றார்கள். இப்போது நீங்கள் இரண்டு பேரும் நெருங்கிவிட்டீர்களா?"

அவள் வளரும் மொழியில் மரியாதைச் சொல்லை விட்டு 'நீ'க்கு இறங்குவது நட்புக்கு அடையாளம். கேட்டுத்தான் இறங்குவார்கள். அது அவளுக்குத் தெரிந்த விதி.

"இல்லடா" என்றேன். "தமிழ்ல அது வேற."

எப்படி வேறு என்று அவள் கேட்டாள். வேனில் ஏறி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, முழுவதையும், கருவாயனிலிருந்து ஆரம்பித்து, தமிழிலேயே சொன்னேன். பாஷா பாய் வண்டியை எடுக்காமல் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாழினி குறுக்கே பேசவில்லை. புரியாத இடத்தில் மட்டும் ஒரு வார்த்தையைத் திருப்பிக் கேட்டாள். முடித்ததும் என் கையை விட்டுவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. குழந்தைகளுக்கு நம்மைப் பற்றி ஒரு கணக்கு இருக்கும். அதில் அன்று எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

7

ஜெர்மனிக்குத் திரும்பி வந்துவிட்டேன். முனியம்மா அதன்பிறகு என்னைப் பார்க்க விரும்பவில்லை. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் இரண்டு முறை போனேன். முதல் முறை கடையில் மச்சினன் இருந்தார். இரண்டாம் முறை அவளே இருந்தாள், எழுந்து கடைக்குப் பின்பக்கம் போய்விட்டாள். கருவாயனைப் புதைத்த இடத்தை பாஷா பாய் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அங்கே என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

யாழினி என்னிடம் பழையபடி பேசுகிறாள். ஒரு வித்தியாசம் உண்டு. நான் எதையாவது சாதாரணமாகச் சொன்னாலும், "நிஜமாகவா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறாள். நிஜமாகத்தான் என்கிறேன். பட்டத்தைப் பற்றி அந்த அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை, பழைய வேலையை விட்டு வந்ததற்கான காரணத்தைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் நிரப்பவில்லை.

போன பௌர்ணமிக்கு மறுநாள் பாஷா பாய் போன் செய்தார்.

"கடை தொறந்து வெச்சிருந்துச்சும்மா."

"யாரு, முனியம்மாவா?"

"ஆமா. ஏழு வருசத்துல மொத தடவ. நல்ல யாவாரம். நான் போயி டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சுது. நடக்கலியான்னு கேட்டேன். எதுக்குன்னுச்சு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். "கால் வலி இனிமே கம்மியாகும் பாய்" என்றேன்.

"ஆகும்மா." வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "நான் அங்க இருக்கசொல்ல ஒரு நாயி வந்துச்சு. சின்ன நாயி, வயிறு ஒட்டிப்போய். நேரா முனியம்மாகிட்ட வந்து நின்னு வாலாட்டுச்சு. முன்னெல்லாம் எந்த நாயி வந்தாலும் தாடயப் புடிச்சு மூஞ்சியத் திருப்பிப் பாக்கும் அது. பிஸ்கட்டு போடாம அனுப்பாது. நேத்து நிமிந்துகூடப் பாக்கல. அந்த நாயி எவ்ளோ நேரமோ நின்னுச்சு."

"அப்புறம்?"

"எனக்கு வேற எடத்துலேந்து போன் வந்துடுச்சும்மா. கெளம்பிட்டேன்."

அவர் போனை வைத்து நான்கு நாள் ஆகிறது. கூண்டு கழுவும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும், அந்த நாய் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பது போல இருக்கிறது எனக்கு. யாராவது அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.